“இங்கிலீஷ்தான் தெரியுமே, அதை எதுக்கு நாலு வருஷம் படிச்ச?” ஆங்கில இலக்கியம் முடிப்பவர்கள், முடித்தவர்கள் இங்கே வாங்க

நாலாம்மாடி | மே 9, இரவு 11.52

நேற்று மத்தியானம் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு கென்ட் ரிட்ஜ் ஸ்டேஷனில் உட்கார்ந்து மூன்று ரயிலை விட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. சிங்கப்பூரில் என்.யூ.எஸ். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், நான்கு வருடம், ஹானர்ஸ். ஜூலையில் பட்டம். வேலை இன்னும் இல்லை.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக வைத்திருக்கிறேன். (“பார்த்துக்கிட்டிருக்கேன் அங்கிள்.”) பதில் இல்லாத கேள்வி பாட்டியுடையது. 2022இல் இடம் கிடைத்தபோது கேட்டார், நேற்றும் கேட்டார்: “இங்கிலீஷ்தான் உனக்குத் தெரியுமே. தெரிஞ்சதை எதுக்குடி நாலு வருஷம் படிச்ச?”

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. பாட்டி படித்தது தமிழ்ப் பள்ளியில். கொள்ளுத் தாத்தாவுக்கு செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது பாட்டிக்குப் பதினாறு வயது. அடுத்த வருடமே ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சோல்டரிங் வைக்கப் போய்விட்டார். இங்கிலீஷ் தெரிந்திருந்தால் ஆபீசில் உட்கார்ந்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்வார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு கதவு. பேத்திக்குக் கதவு பிறக்கும்போதே திறந்திருந்தது. உள்ளே போய் உட்காராமல் நாலு வருஷமாக நிலைப்படியையே தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்பதுதான் அவருடைய கவலை.

சொல்லுங்கள். என்ன படித்தீர்கள், என்ன மிஞ்சியது, இப்போது என்ன செய்கிறீர்கள்? ‘கிரிட்டிகல் திங்கிங்’ என்று மட்டும் எழுதிவிட்டு ஓடாதீர்கள். அதை என் ரெஸ்யூமேயில் நானே நாலு இடத்தில் போட்டிருக்கிறேன்.

சாஃப்ட்வேர்_சாம்பார் | மே 10, காலை 12.20

பாட்டி பாயின்ட்டாகத்தான் கேட்டிருக்கிறார். ஏ.ஐ.யிடம் சொன்னால் கட்டுரை எழுத இப்போது பத்து வினாடி போதும், அதுவும் இலவசம். கோபப்படாதீர்கள், சும்மா சொன்னேன்.

கோப்பிஓ_கொசோங் | மே 10, காலை 7.05

சாம்பார் தம்பி, கம்ப்யூட்டிங் முடித்த இரண்டு பையன்கள் போன வாரம் என்னிடம் வேலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தார்கள். இந்த வருடம் எல்லார் தட்டிலும் சோறு கம்மிதான். கேலி வேண்டாம்.

நாலாம்மாடி, நானும் அதே துறைதான். 2016இல் முடித்தேன். இப்போது வங்கியில், கம்ப்ளையன்ஸ் பிரிவு. சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றம் என்று கணினி கொடி காட்டும். அந்த வாடிக்கையாளர் எழுதிய விளக்கக் கடிதம், கிளை அதிகாரி எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் படித்து, கதை ஒட்டுகிறதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் மாதமே ஒன்று தெரிந்தது. “பணம் மாற்றப்பட்டது”, “கணக்கு தொடங்கப்பட்டது”, “ஒப்புதல் பெறப்பட்டது” என்று வரிசையாக வந்தால், யாரோ ஆளை மறைக்கிறார்கள். யார் மாற்றியது, யார் தொடங்கியது? இரண்டாம் ஆண்டில் ஒரு நாவலின் ஒரே ஒரு பத்தியை இரண்டு மணி நேரம் பிரித்தோம், இதை யார் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று. எரிச்சலாக இருந்தது அப்போது. இப்போது அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். உடன் வேலை பார்க்கிற அக்கவுண்டன்சி ஆட்கள் எண்களில் பிடிப்பார்கள், நான் செயப்பாட்டு வினையில் பிடிப்பேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வேலை கிடைக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. அதுவரை டியூஷன். தெம்பனிஸில் மூன்று வீடு, ஈசூனில் இரண்டு, சனிக்கிழமை முழுக்க பஸ்ஸில். தேசிய சேவை வேறு இரண்டு வருடம் போயிருந்ததால், கூடப் படித்த பெண்கள் எல்லாம் சீனியராக இருக்கும்போது நான் ஒரு சின்னப் பையனுக்கு ‘இட்ஸ்’ எழுதும்போது மேற்புள்ளி எங்கே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ச்சர்_வந்தாச்சு | மே 10, மாலை 4.31

என்.டி.யூ. பல்கலைக்கழகம், போன வருடம் முடித்தேன். மொழியியலும் சேர்த்து. இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை, அடுத்தது என்.ஐ.இ. என்கிற ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, பிறகு சில வருடம் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். வீட்டில் அம்மா விளக்கு ஏற்றிவிட்டார். ஆசிரியர் வேலை என்றால் எந்தப் பாட்டியும் கேள்வி கேட்க மாட்டார்.

கேள்வி எனக்குத்தான் இருக்கிறது. இலக்கியம் சொல்லித்தர வந்தேன். இலக்கியம் எடுக்க ஆள் எங்கே? 1992இல், உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது எழுதுகிற ஓ நிலைத் தேர்வில் முழு இலக்கியப் பாடம் எழுதியவர்கள் சுமார் 17,000 பேர். இருபது வருடத்தில், 2012இல், அது சுமார் 3,000. 2001இல் சமூகக் கல்வி (சோஷியல் ஸ்டடீஸ்) பாடம் கட்டாயமானது, கூடவே எடுக்கிற பாதிப் பாடத்துக்குப் பிள்ளைகள் புவியியல், வரலாறு என்று போனார்கள். இலக்கியத்தில் மார்க் எடுக்க முடியாது என்ற பேர் வேறு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெற்றோர் சந்திப்பில் ஒரு அப்பா என்னிடமே கேட்டார்: “மேடம், இது ரிஸ்க்தானே?” ஏதோ பங்குச்சந்தை மாதிரி.

போன மாதம் உயர்நிலை இரண்டில் ஒரு சின்ன மழைக் கவிதை கொடுத்தேன். தண்ணீர் ஒரு வாளியில் தேங்கி நிற்கிறது என்று ஒரு வரி. பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கி, “ச்சர், இவங்க வீட்டுக்கு டெங்கு ஆபீசர் வருவாரு” என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான். அப்புறம் அவனே சொன்னான்: “அப்ப அந்தப் பாட்டி வாளியைக் கவிழ்க்காம, யாராவது வரட்டும்னு வச்சிருக்காங்களா?” அந்தக் கவிதையில் வருவது வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. நான் திட்டமிட்டிருந்த நாற்பது நிமிடப் பாடத்தை அவன் ஒரு வாளியில் முடித்துவிட்டான்.

(பி.கு.: வெளியூர்க்காரர்களுக்கு, இங்கே பிள்ளைகள் டீச்சரை ‘ச்சர்’ என்றுதான் கூப்பிடும். சாப்பிடுகிற பொருள் இல்லை.)

கோப்பிஓ_கொசோங் | மே 10, மாலை 5.10

அந்தப் பையனை எந்தக் காரணத்துக்காகவும் புவியியலுக்கு விட்டுவிடாதீர்கள்.

இந்த ஊரில் இந்தச் சண்டை பழையது. 1969இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பல்கலைக்கழக மாணவர்களிடம், கவிதை நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று சொன்னார். அன்றைய நிலைமை அப்படி. பிரிட்டிஷ் படை கிளம்பப்போகிறது, வேலைக்குத் தொழிற்சாலை வேண்டும். நாலாம்மாடியின் பாட்டி சோல்டரிங் வைக்கப் போனது அந்தக் கணக்கில்தான். பாட்டி அங்கே வேலை பார்த்ததால் பேத்திக்குக் கவிதை கட்டுப்படியானது என்றுகூடச் சொல்லலாம். சொன்னால் பாட்டி அடிப்பார்.

கடைசி_வரிசை | மே 10, இரவு 9.45

நானும் இந்த வருடம். அதே துறை. நாலாம்மாடி யார் என்று தெரியும் போல இருக்கிறது, ஆனால் கேட்க மாட்டேன்.

முதல் வருடம் ஜி.இ.ஏ. 1000 என்ற பாடத்தில் புள்ளிவிவரம் படித்து, நடுவில் பைத்தான் எழுதி, பதிமூன்று பொதுப் பாடங்களைத் தாண்டி வந்த பேட்ச் நாம். பாதியை எஸ்.யூ. போட்டேன், அதாவது கிரேடு கணக்கில் சேராமல் பாஸ் மட்டும். அப்பா கப்பலில் இருக்கிறார், என்ன மேஜர் என்று இன்றைக்கும் தெளிவாகத் தெரியாது. சொந்தக்காரர்களிடம் ‘ஆர்ட்ஸ்’ என்று சொல்லி வைத்திருக்கிறார், அவர்கள் ஓவியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தவில்லை. எனக்கு வேலைப்பயிற்சி கிடைத்த விளம்பர நிறுவனத்திலேயே வேலை. செருப்புக்கு வாசகம் எழுதுகிறேன்.

டெக் கேன்டீனில் அந்த யோங் தாவ் ஃபூ கடை வரிசைக்காகத்தான் பாதி நாள் கேம்பஸ் போனேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நிர்வாகி | மே 10, இரவு 11.02

டெக் சாப்பாடு பற்றி வந்த பதினேழு பதில்களை ‘மக்கான்’ பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

நாலாம்மாடி | மே 11, காலை 1.15

தூக்கம் வரவில்லை. கேள்வி கேட்டவள் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

உயர்தமிழில் ஏ1. பள்ளி முடிந்து வாரா வாரம் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படித்தது. அந்த ஏ1ஐ வைத்துக்கொண்டு எனக்குத் தமிழ் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு வகுப்பு. சின்ன அறை, பன்னிரண்டு பேர். பேராசிரியர் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டார். குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டு, ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில். உன் தாயும் என் தாயும் யாரோ, செம்மண்ணில் விழுந்த மழை போல நெஞ்சம் கலந்துவிட்டதே என்கிற பாட்டு. அறையில் ஒருத்தி “வாவ்” என்றாள். அப்புறம் பேராசிரியர் என் பக்கம் திரும்பி, மூலத்தை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

வாசித்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. ஓசைகூட ஓரளவு வந்தது. முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ எனக்கு மட்டும் உள்ளே போகிற சாவி இருப்பது போல. எனக்கு அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் தமிழ் புரிந்தது. காது சுட்டது.

அதனால்தான் இறுதியாண்டு ஆய்வேட்டை அகப்பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பற்றி எழுதினேன். வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பகுதியைச் சரிபார்க்க என் பழைய தமிழாசிரியரிடம் போனேன். தேக்காவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில், வாழை இலையை எடுத்த பிறகு மேசையைத் துடைத்து, தாளை விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தார். ‘ஞாய்’ என்றால் உன் தாய், ‘யாய்’ என்றால் என் தாய். ஒரே எழுத்து மாறினால் ஆள் மாறுகிறாள். ஆங்கிலத்தில் அதற்கு ‘மை’, ‘யுவர்’ என்று தனிச் சொல் போட வேண்டியிருக்கிறது, அந்த ஒட்டுறவு போய்விடுகிறது. அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். கடைக்காரர் இரண்டு தடவை டீ கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்.

ஆக, இங்கிலீஷ் படிக்கப் போய்த் தமிழ் படித்தேன். பாட்டியிடம் சொன்னால், “அதை உமறுப் புலவர்லயே படிச்சிருக்கலாமே” என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

சாஃப்ட்வேர்_சாம்பார் | மே 11, காலை 8.40

சரி, இது நன்றாக இருந்தது. இருந்தாலும் வேலை?

துவாஸ்_துரை | மே 11, இரவு 10.18

எல்லாருக்கும் வணக்கம். படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதலாமா என்று தெரியவில்லை. நானும் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர்தான். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி, 2013இல் முடித்தது.

எங்கள் ஊரில் பி.ஏ. இங்கிலீஷ் பெரிய விஷயம் கிடையாது. பி.காம். சீட் கிடைக்காதவன் சேருவான், நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கி மனப்பாடம். எந்த நாடகத்தையும் முழுசாகப் படித்ததில்லை. எங்கள் சார் ஹாம்லெட்டை, அந்த டென்மார்க் இளவரசன் கதையை, தமிழில்தான் சொல்வார். அவர் சொல்கிற விதத்தில் அது எங்கள் பக்கத்து ஊர்ப் பண்ணையார் வீட்டுப் பங்காளிச் சண்டை மாதிரியே இருக்கும். சித்தப்பா செய்த வேலை என்றதும் வகுப்பே கொதிக்கும். அதனால் மறக்கவில்லை.

2015இல் சிங்கப்பூர் வந்தேன், ஒர்க் பர்மிட்டில், சாதாரண வேலை. டிகிரியை ஏஜென்ட்டிடம் சொல்லவே இல்லை. அப்புறம் சேஃப்டி கோர்ஸ் எல்லாம் முடித்து, இப்போது துவாஸில் ஒரு யார்டில் சேஃப்டி கோஆர்டினேட்டர். காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிச் சொல்கிற டூல்பாக்ஸ் மீட்டிங். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வது என் வேலை. அந்த அக்கா கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன்.

டாங்க்குக்குள் இறங்குவதற்கு முன்னால் காற்றைச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்கணும், விஷ வாயு, தீப்பிடிக்கிற வாயு பார்க்கணும். அசெஸர் மீட்டர் வைத்துப் பார்த்து எழுதுவார், மேனேஜர் பர்மிட்டில் கையெழுத்துப் போடுவார், அதற்கு அப்புறம்தான் ஆள் இறங்கணும். ஒரு நாள் எங்கள் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, சோதனைக்குப் பின் நுழைவு ‘மே பி பர்மிட்டட்’ என்று. அன்றைக்கு நான் வேறு ஷிப்ட். சூப்பர்வைசர் தமிழில் சொன்னார்: “கேஸ் செக் முடிஞ்சதும் உள்ள போகலாம்.”

தப்பே இல்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் செக் முடிந்து மீட்டரை வெளியே எடுத்ததும் ஒரு தம்பி மேன்ஹோலில் ஒரு காலை விட்டுவிட்டான். கையெழுத்து விழவில்லை. ரீடிங் என்ன என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம்.

விசாரித்தபோது அந்தத் தம்பி சொன்னான், “போகலாம்னாங்க, போனேன்.” அன்று ராத்திரி டார்மிட்டரியில் படுத்துக்கொண்டு அந்த ‘லாம்’ பற்றியே யோசித்தேன். நீ போகலாம் என்றால் அனுமதி. மழை வரலாம் என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். வாங்க போகலாம் என்றால் கிளம்பு என்று அர்த்தம். அந்த இங்கிலீஷ் ‘மே’யில் முதல் இரண்டும் உண்டு, மூன்றாவது கிடையாது. எழுதினவர் நினைத்தது, அனுமதி கிடைத்தாலும் கிடைக்கும் என்பது. தம்பி காதில் விழுந்தது, கிளம்பு.

மறுநாள் நானே ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதி மேன்ஹோல் பக்கத்தில் கட்டினேன்: “கையெழுத்து விழாமல் கால் உள்ளே போகக் கூடாது.” ‘லாம்’ போட்டு எதையும் சொல்லாதீர்கள், ‘ணும்’ அல்லது ‘கூடாது’ மட்டும்தான் என்று சூப்பர்வைசர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் யார்டில் அதுதான் பழக்கம்.

இது இலக்கியமா என்று எனக்குத் தெரியாது. நோட்ஸ் வாங்கிப் படித்த டிகிரிதான். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருக்கிற வியாதி அங்கேதான் ஒட்டியது.

ச்சர்_வந்தாச்சு | மே 11, இரவு 10.50

துரை அண்ணே, இதை என் வகுப்பில் சொல்லட்டுமா? ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ எல்லாம் பயிற்சித் தாளில் கோடிட்ட இடமாக மட்டுமே பார்த்த பிள்ளைகள். ஒரு கால் மேன்ஹோலில் இருந்தது என்றால் மறக்க மாட்டார்கள். யார்டு பேரெல்லாம் சொல்ல மாட்டேன்.

துவாஸ்_துரை | மே 11, இரவு 11.04

தாராளமாகச் சொல்லுங்க டீச்சர்.

சாஃப்ட்வேர்_சாம்பார் | மே 11, இரவு 11.30

நான் இங்கே வம்பிழுக்க வந்தவன், ஆனால் இதற்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இணையம் எப்படி ஓட வேண்டும் என்று சொல்கிற ஆவணங்கள் எங்களிடம் உண்டு. அதில் ‘மஸ்ட்’ என்றால் என்ன, ‘ஷுட்’ என்றால் என்ன, ‘மே’ என்றால் என்ன என்று பொருள் சொல்வதற்கென்றே 1997இல் தனியாக ஓர் ஆவணம் போட்டார்கள். ஆர்.எஃப்.சி. 2119. இரண்டு மூன்று பக்கம்தான். ‘மே’ என்று இருந்தால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, ஆனால் செய்யாதவனோடும் நீ பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரோ ஒரு நாள் மேன்ஹோலில் கால் விட்டதால்தான் எழுதியிருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

துரை அண்ணனுக்கு ஒரு கோப்பி என் செலவில். பத்து வினாடி, இலவசம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பாதி வாபஸ்.

வரிக்கு_வரி | மே 12, காலை 10.12

இத்தனை சின்னவர்கள் நடுவில் ஒரு கிழவி. 1994இல் ஆங்கிலம் முடித்தேன், முப்பது வருடமாக ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு. சொல்ல இரண்டு விஷயம்.

கோப்பிஓ 1969 பேச்சைச் சொன்னார். அப்போது அதே பல்கலைக்கழகத்தில் எட்வின் தம்பூ ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா தமிழர், பள்ளி ஆசிரியர். அம்மா சீனர். தம்பூ 1956இல் ஆங்கிலப் பட்டம் வாங்கியவுடன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவில்லை. எங்கே போனார் தெரியுமா? வருமான வரி அலுவலகம். அப்புறம் மத்திய சேமநிதி வாரியம், அப்புறம் சுற்றுலா வாரியம். 1966இல்தான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பிறகு ஆங்கிலத் துறைக்கும், கலைப்புலத்துக்கும் தலைவர். சிங்கப்பூர் ஆங்கிலக் கவிதையின் தந்தை என்கிறோமே, அவரே கிட்டத்தட்ட பத்து வருடம் வரிக்கணக்கும் சேமநிதியும் பார்த்தவர். பதினொரு மாதம் டியூஷன் எடுத்ததற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது, வேலை. நாலாம்மாடி, உன் ஆய்வேட்டைப் பற்றிப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு மொழியிலும் கால் ஊன்றிய ஆள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 சதவீதம், தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம். ஆனால் தமிழ் ஆட்சிமொழி. நாடாளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பு வேண்டும், நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் வேண்டும், ஒவ்வொரு அறிவிப்பும் தமிழில் போக வேண்டும். இயந்திரமும் வந்துவிட்டது. நம் ஊர் வழக்குச் சொற்களை ஊட்டி அரசாங்கமே எஸ்.ஜி. டிரான்ஸ்லேட் என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். முதல் வரைவு அதுதான் போடும். பெரும்பாலும் நன்றாகவே போடும். அங்கேதான் ஆபத்து. மோசமாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். நன்றாக இருந்துகொண்டே ஓரிடத்தில் ‘போகலாம்’ என்று எழுதிவிட்டுப் போகும்.

சொர்க்கம் என்றும் நினைக்காதே. சொல்லுக்கு இத்தனை காசு என்று எண்ணித் தருவார்கள், இயந்திரம் வந்த பிறகு அதிலும் பேரம். போன வருடம் முதியவர்களுக்கான ஒரு துண்டுப் பிரசுரத்தை ஒரு நிறுவனத்துக்குத் திருத்திக் கொடுத்தேன். பத்து இடத்தில் எளிமையாக்கியிருந்தேன். அச்சாகி வந்தபோது பத்தும் பழையபடியே இருந்தது. கேட்டால், “ஆங்கிலத்தில் உள்ள சொல் ஒவ்வொன்றும் தமிழிலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்போம்” என்றார் ஒரு பெண். எண்ணியவருக்குத் தமிழ் தெரியாது.

நாலாம்மாடி | மே 12, இரவு 9.27

அக்கா, நீங்கள் சொன்ன பிரசுரம் இதுதானா தெரியாது, ஆனால் எங்கள் வீட்டில் இன்று நடந்தது.

பாட்டிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது, நான்கு மொழியிலும். தமிழ்ப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, இரண்டு தடவை படித்தார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர், தினமும் தமிழ் முரசு வரி விடாமல் படிப்பவர். அப்புறம் என்னிடம் நீட்டினார். “தகுதிவாய்ந்த தனிநபர்கள் தங்களது விருப்பத்தேர்வினை மேற்கொள்ளலாம்” என்று இருந்தது. எனக்கும் புரியவில்லை. ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டி, “பாட்டி, உங்களுக்கு வேணும்னா இந்தப் பெட்டியில டிக் போடுங்க, வேண்டாம்னா தூக்கிப் போட்டுடலாம்” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றார். டிக் போட்டார். போட்டுவிட்டுக் கேட்டார்: “இதை எழுதினவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், தமிழும் தெரியுது. என்னைத்தான் தெரியல போலிருக்கு.”

‘மேற்கொள்ளலாம்’. துரை அண்ணே, உங்கள் ‘லாம்’ எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. உங்கள் பதிவைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். மேன்ஹோல் இடத்தில் “ஐயோ” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். யார் அந்தப் பிள்ளை, சாப்பிட்டானா என்று கேட்டார். காலில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரை மணி நேரம்.

துவாஸ்_துரை | மே 12, இரவு 10.40

சாப்பிட்டேன்னு சொல்லுங்க. அந்தத் தம்பியும் நல்லா இருக்கான், போன மாசம் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடிச்சிட்டு வந்தான்.

வரிக்கு_வரி | மே 13, காலை 7.50

நாலாம்மாடி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒரு இடத்தில் ஆள் தேடுகிறார்கள், தேர்வு உண்டு. உறுதி எதுவும் சொல்ல மாட்டேன். தேர்வுக்குப் போகும்போது உன் பாட்டியை மனதில் உட்கார வைத்துக்கொண்டு எழுது.

நாலாம்மாடி | ஜூன் 18, இரவு 8.33

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். ரிசல்ட் வந்தது, எதிர்பார்த்ததுதான். வரிக்கு_வரி அக்கா சொன்ன இடத்தில் தேர்வு எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, டெங்கு பற்றி. (ச்சர், உங்கள் வாளிப் பையனை நினைத்துக்கொண்டேன்.) ‘ரெசிடென்ட்ஸ் மே’ என்று ஒரு வரி வந்தது. பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன், மேற்பார்வையாளர் முறைத்தார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை நானும் டியூஷன்தான், செங்காங்கில் இரண்டு வீடு.

இப்போது கேட்க வந்தது வேறு. பட்டமளிப்புக்கு எனக்கு விருந்தினர் டிக்கெட் இரண்டு. அப்பா, அம்மா. பாட்டி “நான் எதுக்கு, வீட்ல இருக்கேன்” என்று சொல்லிவிட்டார். ஆனால் நேற்று அலமாரியைத் திறந்து அந்த அரக்குக் கலர் பட்டுப் புடவையை வெயிலில் போட்டிருந்தார். தன் டிக்கெட்டைத் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார், அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? யாரிடமாவது மிச்சம் இருக்குமா?

கோப்பிஓ_கொசோங் | ஜூன் 18, இரவு 8.51

நேரலை போடுவார்கள். ஆனால் பட்டு வெயிலில் காய்ந்த பிறகு நேரலை பற்றிப் பேசக் கூடாது. யாராவது இருக்கிறீர்களா?

கடைசி_வரிசை | ஜூன் 18, இரவு 9.06

என்னிடம் ஒன்று இருக்கிறது. அப்பா ஆகஸ்டில்தான் இறங்குகிறார், அம்மா மட்டும் வருகிறார். அதே துறை, அதே நிகழ்ச்சிதான். எடுத்துக்கொள்ளுங்கள். (நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. வாசித்துக் காட்டச் சொன்ன அந்த வகுப்பில் “வாவ்” என்றது நான்தான். மன்னிக்கவும்.)

நாலாம்மாடி | ஜூன் 18, இரவு 9.20

அடிப்பாவி, நீயா!

பாட்டியிடம் சொல்லிவிட்டேன். “அங்க எல்லாம் இங்கிலீஷ்லயா பேசுவாங்க?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப நீ மேடைக்குப் போயிட்டா எனக்கு யாரு சொல்லுவா?”

உன் அம்மாவுக்குப் பக்கத்து சீட் போடச் சொல்கிறேன். கொஞ்சம் சொல்லச் சொல்.

கடைசி_வரிசை | ஜூன் 18, இரவு 9.24

எங்க அம்மா சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பாட்டியை எச்சரித்து வை.